மூன்று படம், ஒரு கிணறு

எங்கள் பக்கத்து வெயிலுக்கு நடுநிலை கிடையாது. காலை ஒன்பது மணிக்கு மேல் தரை வெள்ளை, நிழல் கறுப்பு. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே இந்த இரண்டு நிறமும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். மனிதக் கண் எப்படியோ இரண்டையும் சமாளித்துவிடுகிறது. வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தையும் பார்க்கிறது, அவருக்குப் பின்னால் கொதிக்கும் கரிசல் பொட்டலையும் பார்க்கிறது. கேமராவால் அது ஆகாது. முகத்தைப் பார்த்தால் பொட்டல் வெளுத்துப்போகும். பொட்டலைப் பார்த்தால் முகம் கரிக்கட்டையாகும்.

மதுரையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தச் சிக்கலைப் பார்த்திருக்கிறேன். கட்சிப் பிரமுகர்கள் வெள்ளை வேட்டி சட்டையோடு உச்சி வெயிலில் வரிசையாக நிற்பார்கள். வேட்டிக் கரை தெரியும்படி எடுத்தால் முகங்கள் இருட்டு. முகம் தெரியும்படி எடுத்தால் வேட்டி, பின்சுவர், ஓரத்தில் நிற்கும் ஒன்றியப் பொறுப்பாளர் எல்லாம் ஒரே வெள்ளையாகக் கலந்துவிடும். நாங்கள் பெரும்பாலும் வேட்டியைக் காப்பாற்றினோம். முகத்துக்குக் கீழே பெயர் போட்டுக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்று அருப்புக்கோட்டைக்கே திரும்பியபின், சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கேமரா வாங்கினேன். அதில் எச்.டி.ஆர். என்று ஒரு வசதி இருந்தது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கேமரா அடுத்தடுத்து மூன்று படம் எடுக்கும். முதலாவது சாதாரணமாக, அடுத்தது இருட்டாக, மூன்றாவது அளவுக்கு மீறிய வெளிச்சத்தோடு. இருட்டுப் படத்திலிருந்து வானத்தையும் வெளிச்சப் படத்திலிருந்து நிழலையும் எடுத்துக்கொண்டு, மூன்றையும் பிசைந்து ஒரே படமாகத் தரும். பிசைய நாலைந்து விநாடி ஆகும். கூட்டணிக் கட்சிகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு ஒரே அறிக்கையோடு வெளியே வருவது மாதிரிதான். அதில் வானத்துக்கும் குறை இருக்காது, தரைக்கும் குறை இருக்காது. கூடவே, பிசையாத அந்தச் சாதாரணப் படத்தையும் கேமரா தனியாகச் சேமித்து வைக்கும். அது எனக்கு வீண் சுமையாகத் தெரிந்ததால் அவ்வப்போது மொத்தமாக அழித்துவிடுவேன்.

கேமராவோடு வந்த புத்தகத்தில் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மூன்று படமும் எடுத்து முடியும் வரை எதுவும் அசையக் கூடாது.

முதல் மாதத்தில் நான் எடுத்ததெல்லாம் அற்புதங்கள். வறண்ட கண்மாய் ஒன்றை எடுத்துப் பழைய அலுவலகத்துக்கு அனுப்பினேன். வெடித்த தரையின் ஒவ்வொரு விரிசலும் தெளிவாக விழுந்திருந்தது. ஆனால் மேலே இருந்த நாலு பஞ்சு மேகத்தை எச்.டி.ஆர். கருக்கித் திரட்டி இடியோடு இறக்கியிருந்தது. பக்கம் தயாரிக்கும் இளைஞர் போன் செய்தார். “சார், இது வறட்சிச் செய்திக்கா, மழைச் செய்திக்கா?” என்றார். சீமைக் கருவேலங்காடு மலைப்பிரதேசத் தேயிலைத் தோட்டம் மாதிரி வந்தது. சாலையைக் கடந்த ஆட்டுக்கு ஏழு கால் இருந்தது. கோயில் கோபுரத்தைச் சுற்றி ஒரு வெள்ளை ஒளிவட்டம் விழுந்தது. வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தில் கேமரா தடுமாறுவதால் வரும் கறை அது. பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பிரேம் போட்டு மாட்டி, வெள்ளிதோறும் சூடம் காட்டினார். கறை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தப் புகழைக் கேட்டுத்தான் அந்தக் கண்டக்டர் என்னைத் தேடி வந்தார்.

முப்பது வருடம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். நான் மதுரைக்குப் போய்வந்த நாளிலிருந்து பழக்கம். திருச்சுழி ரோட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் இரண்டு ஏக்கர் புஞ்சைக் காடும் ஒரு கிணறும் வைத்திருந்தார். ஒரே மகன், நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். வயது முப்பத்துமூன்று. பெண் அமையவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளையின் சம்பளம், குடி, ஜாதகம் மூன்றையும் விசாரிப்பார்கள். நாலாவதாக ஊர்த் தண்ணீரை விசாரிப்பார்கள். நாலாவதில் விழுந்தால் முதல் மூன்றும் செல்லாது. கண்டக்டர் மகனுக்கு அதுவரை ஆறு இடம் தட்டிப்போயிருந்தது. இரண்டு ஜாதகத்தில், நாலு தண்ணீரில்.

“அண்ணாச்சி, ஒங்க கேமராவுல இருட்டுக்குள்ள இருக்கதெல்லாம் தெரியுமாமே?” என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி.

“தெரியும். எந்த இருட்டு?”

“கெணத்து இருட்டு.”

தன் போனை நீட்டினார். அவரே எடுத்த படம். நடுவில் ஒரு கறுப்புச் சதுரம், சுற்றிலும் வெள்ளை. சிலேட்டை வெயிலில் போட்டுப் படம் பிடித்த மாதிரி இருந்தது.

“இதத்தேன் பொண்ணு வீட்டுக்கு அனுப்புனேன். கெணறு இருக்கு, தண்ணி எங்கன்னு கேக்காக. தண்ணி உள்ளதேன் கெடக்கு, போட்டோவுல ஏற மாட்டேங்குது.”

பெண் வீடு பாலவனத்தத்துக்குப் பக்கம். பெண் விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். அவளுடைய அக்காவைப் பல வருடங்களுக்கு முன் தண்ணீர் இல்லாத ஒரு ஊருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எட்டு வருடம் ரோட்டோரக் குழாயிலிருந்து வீட்டுக்குத் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாகக் குடம் சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்து, இப்போது கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு நடமாடுகிறாள். அதனால் அந்த வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பது தாய்மாமன் என்றாலும் சம்மதம் சொல்வது அக்கா. ‘தண்ணி எங்க’ என்று கேட்டதும் அவள்தான்.

“நெசமாத் தண்ணி எவ்வளவு இருக்கு?” என்று கேட்டேன்.

“இருக்கு.”

“எவ்வளவு?”

“எறங்கி நின்னா முட்டி நனையும்.”

அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு விதி இருந்தது. படத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. எச்.டி.ஆர். எதையும் சேர்ப்பதில்லை, இருப்பதை எடுத்துக் காட்டுகிறது என்று எனக்கு நானே ஒரு தலையங்கம் எழுதிக்கொண்டேன். மனசாட்சிக்காக ஒன்று மட்டும் சொன்னேன்.

“தண்ணி கெடக்குன்னு தெரியும். ஆழம் எந்தக் கேமராவுலயும் தெரியாது.”

“அப்ப ரைட்டு!” என்றார் கண்டக்டர். அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ராகு காலம் கழிந்து பத்தரைக்குப் படம் என்று நாள் குறித்தார். கிணற்றைப் படம் எடுக்கவும் நேரம் பார்ப்பார்களா என்று கேட்கவில்லை. இந்த வேலைக்கு அந்த நேரம் தற்செயலாகவே பொருத்தம். வெயில் கிணற்றுக்குள் இறங்கியிருக்காது. தரை வெள்ளையாகவும் கிணறு கறுப்பாகவும் இருக்கும். எச்.டி.ஆர். கண்டுபிடிக்கப்பட்டதே இப்படி ஒரு காட்சிக்காகத்தான்.

பழைய இறவைக் கிணறு. சதுரமாக வெட்டி, பாதி ஆழத்துக்குக் கல் கட்டியது. பக்கவாட்டில் மோட்டார் ரூம். அதன் மாடியில் ஏறி நின்றால் சாய்வாகக் கிணற்றின் அடியும் தெரியும், எதிர்க்கரையும் தெரியும், அதற்கு அப்பால் மாடு இல்லாத ஒரு மாட்டுக் கொட்டகையும் தெரியும். கிணற்றுக்கும் கொட்டகைக்கும் நடுவே வீட்டுக்குப் போகிற வண்டிப்பாதை. கொட்டகைக்குள் என் கண்ணுக்கு இருட்டைத் தவிர எதுவும் படவில்லை. வெயிலில் அவ்வளவு நேரம் நின்றவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

கண்டக்டர் சலவை வேட்டி கட்டிக் கிணற்று விளிம்பில் நின்று, ஒரு கையால் தண்ணீரைச் சுட்டிக் காட்டினார். அடிக்கல் நாட்டிய பிரமுகர் தோரணை.

“அசையக் கூடாது” என்றேன்.

“ஓடுற பஸ்ஸுலயே முப்பது வருசம் அசையாம நின்னவன் அண்ணாச்சி.”

முக்காலி என்னிடம் இல்லை. கைப்பிடிச் சுவரில் துண்டை மடித்து வைத்து, அதன்மேல் கேமராவை நிறுத்தி, என் கை நடுக்கம் படாமல் இருக்க இரண்டு விநாடி டைமர் வைத்து அழுத்தினேன். நாங்கள் வந்த கொஞ்ச நேரத்திலேயே எங்கோ தெரு முக்கில் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்திருந்தது. டைமர் ஓடும்போதே ஒரு மொபெட் சத்தம் கேட்டது. கேமராவை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. டிக், டிக், டிக் என்று மூன்று படம். மொபெட் சத்தம் வீட்டுப் பக்கம் போய் நின்றது.

அந்த வெயிலில் இந்த மாதிரிச் சின்னக் கேமராக்களின் திரை முகம் பார்க்கும் கண்ணாடிதான். கையால் மறைத்துப் பார்த்தேன். என் மூக்குக்குப் பின்னால் நீலமாக ஏதோ தெரிந்தது. கண்டக்டர் மூச்சிரைக்க ஏறி வந்து எட்டிப் பார்த்தார்.

“தண்ணி! தண்ணி தெரியுது அண்ணாச்சி! அனுப்புங்க, நேரம் தாண்டுறதுக்குள்ள அனுப்புங்க.”

கேமராவிலிருந்து என் போனுக்கு, என் போனிலிருந்து அவர் போனுக்கு, அவர் போனிலிருந்து பாலவனத்தத்துக்கு. இரண்டு நிமிடம் ஆகவில்லை. இருபது வருடம் ப்ரூஃப் பார்த்தவன், ப்ரூஃப் பார்க்காமல் அச்சுக்கு விட்டேன்.

மாலையில் வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் படத்தை முதல்முறையாகப் பார்த்தேன். கிணறு பிரமாதம். அடியில் கிடந்த தண்ணீரில் வானம் விழுந்து, அதை எச்.டி.ஆர். இன்னும் நீலமாக்கி, ஒரு கோயில் தெப்பக்குளத்தை ஆழத்தில் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கல் இடுக்கில் முளைத்த செடிகூடப் பச்சையாகத் தெரிந்தது. கண்டக்டரின் முகமும் தெரிந்தது, வேட்டியின் மடிப்பும் தெரிந்தது. என் பழைய புகைப்படக்காரர்கள் பார்த்தால் கண்ணீர் விடுவார்கள்.

அப்புறம் கொட்டகையைப் பார்த்தேன். உள்ளே கடை விரித்த மாதிரி பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. பச்சை, நீலம், ஆரஞ்சு. அவற்றுக்குப் பின்னால் ஒரு நீல டிரம். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டின் முழுச் சொத்து.

நடுவில், கிணற்றுக்கும் கொட்டகைக்கும் இடையிலான பாதையில் ஒரு மொபெட் போய்க்கொண்டிருந்தது. ஒன்று என்று சொல்ல முடியாது. புகை மாதிரி, பின்னால் இருப்பது ஊடுருவித் தெரிய, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மொபெட், மூன்று ஆள். ஆளுக்கு நாலு குடம். ஓட்டியவர் கண்டக்டரின் மகன்.

உடனே போன் செய்தேன். படத்தில் குடமும் மகனும் விழுந்திருப்பதைச் சொன்னேன்.

“நெழல்லதான வச்சேன்!” என்றார் கண்டக்டர். “என் போனுல நெழலெல்லாம் கருப்பாத்தான விழுந்துச்சு? அதேன் கொடத்த எல்லாம் கொட்டகைக்குள்ள தள்ளி வச்சேன்.”

“இந்தக் கேமரா நெழலத்தான் மொதல்ல பாக்கும்.”

“கெணத்த மட்டும் பாக்கச் சொல்லியிருக்கலாமுல்ல?”

கிணற்று நிழல் வேண்டிய நிழல், கொட்டகை நிழல் வேண்டாத நிழல் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது என்று விளக்கினேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை.

“இந்தப் பயல நைட்டு ஷிப்ட்டுதான முடிச்சு வந்திருக்க, பேசாமப் படுலேன்னு சொல்லிட்டுத்தேன் வந்தேன். லாரி ஹாரன் கேட்டதும் எந்திரிச்சு ஓடிட்டான். ஏன் அண்ணாச்சி, மூஞ்சி தெரியுதா?”

“கலங்கலாத் தெரியுது. ஆனா மூணா தெரியுறாரு.”

“மூணா?” என்றார். “ஒருத்தன் கொடந் தூக்குறதே கேவலம். மூணு பேராவா?”

சொன்னவர் போனை வைத்துவிட்டார். அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. குடம் வெளியே தெரிந்தால் தண்ணீர் இல்லாத ஊர் என்று ஆகும். மகன் குடத்தோடு தெரிந்தால் பொட்டச்சி வேலை பார்க்கிறவன் என்று ஆகும். ஏழாவது இடமும் இரண்டு வகையில் போகும். இரண்டுக்கும் நான் எடுத்த படம் சாட்சி.

ஆனால் அன்று ராத்திரியே தாய்மாமனிடமிருந்து பதில் வந்தது. கிணறு அருமை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறோம். கண்டக்டர் அதை எனக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே கூப்பிட்டார். “அவரு தண்ணிய மட்டுந்தேன் பாத்திருக்காரு. ரைட்டு, ரைட்டு. நீங்களும் வந்திருங்க. ஒங்க போட்டோவ நம்பித்தேன் வாராக.”

ஞாயிறு காலை நான் போனபோது கிணற்றுக்குப் போகும் மண்பாதையில் அகலமான லாரித் தடம் பதிந்திருந்தது. கண்டக்டரின் மனைவி காலை நீட்டிச் சமையலறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முட்டி மடங்காதவர்.

“லாரி எதுக்கு வந்துச்சு?” என்றேன்.

“கெணத்துக்குத் தாகமாம்” என்றார்.

ஒரு முழு டேங்கர் குடிதண்ணீரை வரவழைத்துக் கிணற்றுக்குள் ஊற்றியிருக்கிறார் மனுஷர். படத்தில் தெரிந்ததற்கும் நேரில் தெரிவதற்கும் வித்தியாசம் இருக்கக் கூடாதாம். லாரி டிரைவர் கீழே இறங்கி, “ஐயா, இது குடிக்கிற தண்ணி, கெணத்துலயா ஊத்தச் சொல்றீக?” என்று இரண்டு தடவை கேட்டாராம். அவ்வளவையும் வாங்கிக்கொண்டு கிணறு ஒரு சாண்கூட ஏறவில்லை. குடங்களையெல்லாம் பரணில் ஏற்றியாகிவிட்டது. வீட்டில் குடிக்க ஒரு சின்னப் பானைத் தண்ணீர் பாக்கி இருந்தது. அதையும் விருந்தாளிகளுக்கென்று மூடி வைத்திருந்தார்கள்.

நாலு பேர் வந்தார்கள். பேசியது தாய்மாமனும் அக்காவும்தான். தாய்மாமன் நேராகக் கிணற்றுக்குப் போனார். குனிந்து பார்த்தார். ஒரு கல்லை எடுத்துப் போட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“நல்ல சத்தம்” என்றார். “கெணறுன்னா இது கெணறு.”

கண்டக்டர் வேட்டியை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

அக்கா கிணற்றுப் பக்கமே போகவில்லை. கழுத்துப் பட்டையோடு குனியவும் முடியாது. கொட்டகைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாணி மெழுகிய தரையில் வட்ட வட்டமாக ஈரத் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. பிறகு போனை எடுத்து, இரண்டு விரலால் எதையோ பெரிதாக்கினாள்.

“ஐயா, இங்கன இருந்த கொடமெல்லாம் எங்க?”

“எந்தக் கொடம்மா?” என்றார் கண்டக்டர்.

“பச்ச மூணு, நீலம் நாலு, ஆரஞ்சு ஒண்ணு. ஆரஞ்சு வாய் ஒடஞ்சிருக்கு.”

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

“அது... விசேசத்துக்குன்னு புதுசா வாங்குனது.”

“ஒடஞ்ச கொடமுமா?”

தாய்மாமன் குறுக்கே வந்தார். “ஏத்தா, கெணறு நெறையத் தண்ணி கெடக்கு. நீ கொடத்த எண்ணிக்கிட்டு இருக்க.”

“மாமா, ஒங்க வீட்டுல தண்ணி எடுக்கது யாரு?”

“ஒங்க அத்தைதேன்.”

“அதேன் நீங்க கெணத்தப் பாக்கீக.”

சமையலறை வாசலில் வெங்காயம் உரிக்கும் சத்தம் நின்று, ஒரு சிரிப்பு வந்தது. தாய்மாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தா மொபெட்டுல மூணு பேரு வரிசையாப் போறாகளே,” அக்கா விடவில்லை, “இவுக யாரு?”

“அது வேலைக்கு வார பய” என்றார் கண்டக்டர்.

மகன் அப்போது ஒரு தட்டில் கலர் பாட்டில்களோடு கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, புது செருப்பு. தட்டைக் கயிற்றுக் கட்டிலில் மெதுவாக வைத்தார்.

“நாந்தேன்” என்றார்.

“ஏலே...” என்றார் கண்டக்டர்.

“மூணும் நீங்கதானா?”

“ஒருத்தந்தேன். இவுக கேமரா அப்புடி.” என்னைக் காட்டினார்.

“தெனமும் நீங்கதேன் எடுப்பீகளா?”

“லாரி வர்ற அன்னைக்கெல்லாம். மூணு நாளைக்கு ஒருக்கா வரும். அம்மாவுக்கு முட்டி மடங்காது.”

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர், லாரி, குடம், மூன்று நாள் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. அக்கா கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு அவர் பக்கம் திரும்பினாள்.

“கலியாணத்துக்கு அப்புறம்?”

எத்தனையோ பேட்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன். பதில் சொல்லுமுன் யோசித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். இவர் யோசித்தார். தரையில் இருந்த ஈர வட்டங்களைப் பார்த்துக்கொண்டே யோசித்தார்.

“அவுகளும் வேலைக்குப் போகணும்ல. காலையில பஸ்ஸப் புடிக்கணும். லாரி எப்ப வரும்னு சொல்ல முடியாது. நாந்தேன் எடுத்தாகணும்” என்றவர், “நைட்டு ஷிப்ட்டுன்னாத்தேன் கொஞ்சம் தூக்கங் கெடும்” என்று சேர்த்துக்கொண்டார்.

அக்கா போனில் தங்கையைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டது வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன். ஜவுளிக்கடை இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் வந்தது.

“என்னக்கா, கேட்டியா?”

“கேட்டேன். அவுகதானாம்.”

“அந்த மூணு பேருமா?”

“ஒருத்தருதானாம். கேமரா அப்புடியாம்.”

அந்தப் பக்கம் யாரோ பில் கேட்டார்கள்.

“ஆளு ஒண்ணு போதும்க்கா” என்றது குரல். “கொடம் மட்டும் பன்னெண்டும் இருந்தாச் சரி.”

கொட்டகையே சிரித்தது. மகனுக்குக் காது சிவந்தது. கண்டக்டர் மட்டும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் வாங்காதவரைத் தேடுகிற பார்வை.

அக்கா எழுந்து நின்றாள். “எங்க ஊருல அஞ்சு நாளைக்கு ஒருக்காத்தேன் வண்டி வருது. ஒங்களுக்கு மூணு நாளு. பரவால்ல” என்றாள் கண்டக்டரிடம். பிறகு குரலைத் தணித்து, “கெணத்துல ஊத்துன தண்ணிய மோட்டார போட்டு எடுத்துக்கோங்க, ஐயா. வீணாகிரும். லாரித் தடம் கெணத்து வர போயித் திரும்பியிருக்கு” என்றாள்.

புறப்படும்போது என்னிடம் வந்தாள்.

“தங்கச்சி ஒண்ணு கேட்டா. மாப்பிள்ள போட்டோன்னு ஸ்டுடியோவுல எடுத்தது அனுப்புனாக, யாரோட கோட்டோ மாட்டிக்கிட்டு நிக்காக. அது வேண்டாமாம். இந்தக் கொடத்தோட போறது தெளிவா இருந்தாக் குடுக்கச் சொன்னா. இதுல மூஞ்சி கலங்கிக் கெடக்கு.”

இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அசைவதை எச்.டி.ஆர். பிடிக்காது, மூன்று இடத்தில் இருந்தவரை ஒரு இடத்தில் நிறுத்த அதற்குத் தெரியாது என்று விளக்கவும் தயாராகிவிட்டேன். அப்போதுதான் அந்தப் பிசையாத படம் ஞாபகம் வந்தது. அந்த வாரம் நான் எதையும் அழிக்கவில்லை. சோம்பல்தான் காரணம்.

கேமரா பையிலேயே இருந்தது. கொட்டகை நிழலில் திரை நன்றாகவே தெரிந்தது. என் அளவுகோலில் அது தோற்றுப்போன படம். கிணறு கறுப்புச் சதுரம், பழைய சிலேட்டு. கொட்டகையும் கறுப்பு, உள்ளே குடமும் இல்லை, டிரம்மும் இல்லை. கண்டக்டரின் வேட்டி வெளுத்துத் தரையோடு போய்விட்டது, முகம் இருட்டு. நடுவில் வெயிலில் ஒரே ஒரு மொபெட். ஒரே ஒரு ஆள். ராத்திரி ஷிப்ட் பார்த்த கண், வாராத தலை, பனியன். முன்னால் இரண்டு குடம், பின்னால் இரண்டு. பள்ளத்தில் வண்டி குலுங்கி, ஒரு குடத்தின் வாயிலிருந்து தெறித்த தண்ணீர் அந்தரத்தில் நின்றது. ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது.

அக்கா அதை நீண்ட நேரம் பார்த்தாள். “இதையே அனுப்புங்க” என்றாள்.

வைகாசியில் கல்யாணம். பஸ் ஸ்டாண்ட் அருகே வைத்த பிளெக்ஸில் கண்டக்டர் தன் விருப்பப்படி நீலக் கிணற்றைப் பின்னணியாகப் போட்டு, மகனைக் கோட்டோடு அதன் மேல் நிறுத்தியிருந்தார். அந்த இன்னொரு படம் பெண்ணின் போனில் முகப்பாக இருப்பதாகக் கேள்வி. கண்டக்டரும் அதைப் பார்த்திருக்கிறார். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் குரலைத் தணித்து அதைப் பற்றித்தான் குறைப்பட்டுக்கொண்டார்.

“நல்ல கேமராதேன், இல்லங்கல. ஆனா இதுல தண்ணியே தெரியலையே, அண்ணாச்சி.”